கடைசிப் பிரிவுக்கு முதல் ஆசிரியர்

நான் வாய் மூடி இருந்தது போதும்!

அவையோர் மன்னிக்க வேண்டும். வணக்கம் சொல்வதற்கு முன்பே வழக்குச் சொல்லத் தொடங்கிவிட்டேன். இருபத்தாறு ஆண்டுகளாக நெஞ்சுக்குள் நின்றது, ஒலிவாங்கியைக் கண்டதும் முந்திக்கொண்டது. முறைப்படியே வருகிறேன்.

இந்தப் பெற்றோர் பேரவைக்குத் தலைமை தாங்கும், என்னைவிட நான்கு ஆண்டுகள் பிந்தி இந்தப் பள்ளியில் சேர்ந்து, என்னைவிட முந்தி அந்த நாற்காலியில் அமர்ந்துவிட்ட தலைமையாசிரியர் அவர்களே! முன்னிலை வகிக்கும், கடைத்தெருவில் கண்ணாடிக் கடை நடத்தி ஊருக்கெல்லாம் முகம் காட்டும் பெற்றோர் சங்கத் தலைவர் அவர்களே! இவன் இன்றைக்கு யார் தலையை உருட்டப் போகிறானோ என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் சக ஆசிரியப் பெருமக்களே! அரைநாள் விடுப்புக் கேட்டு, அதற்கு முதலாளியிடம் பேச்சும் வாங்கிக்கொண்டு வந்திருக்கும் தந்தையரே! பெரியோரே! வீட்டு வேலை ஒன்று, வெளி வேலை ஒன்று, இரண்டையும் முடித்துவிட்டு மூன்றாவது வேலையாக இந்த மண்டபத்துக்கு வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி போதாமல் பின்சுவர் ஓரமாக நின்றுகொண்டிருக்கும் பத்தாம் வகுப்பு இ பிரிவுப் பெற்றோரே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

வாய் மூடி இருந்தேன் என்று சொன்னதும் ஆசிரியர் வரிசையில் ஒரு சிரிப்புக் கேட்டது. கேட்கட்டும். 'இவரா வாய் மூடினவரு? மாசத்துக்கு ஒரு மனு எழுதற மனுஷனாச்சே!' அதுதானே? உண்மை. மறுக்கவில்லை. பதவி உயர்வு கிடைக்காதபோது மனு எழுதினேன். நல்லாசிரியர் பட்டியலில் என் பெயர் விடுபட்டபோது மனு எழுதினேன். நான் போட்ட கால அட்டவணையைத் தம் பெயரில் வேறொருவர் அனுப்பிப் பாராட்டு வாங்கியபோது மூன்று மனு எழுதினேன். எனக்காக எழுதினேன், என் இடத்துக்காக எழுதினேன், என் இழப்புக்காக எழுதினேன். என் எதிரில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்காக ஒரு வரி எழுதினேனா? ஒரே ஒரு வரி? இல்லை. அந்த மௌனத்தைத்தான் சொல்கிறேன். அதைத்தான் இன்று முறிக்கிறேன்.

பெற்றோரே, ஆசிரியர் அறைக்குள் நடக்கும் ஒரு சடங்கை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆண்டின் முதல் நாள். பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீல அட்டை போட்ட பதிவேடு ஒன்று மேசைக்கு வரும். யார் எந்தப் பிரிவுக்குப் போவது என்று எழுதும் பதிவேடு. அதை முதலில் யார் கையில் கொடுப்பார்கள்? மூத்தவர் கையில். மூத்தவர் எதை எடுப்பார்? ஏ பிரிவை எடுப்பார். அடுத்தவர் பி. அதற்கடுத்தவர் சி. தேநீர் ஆறுவதற்குள் பதிவேடு மேசையைச் சுற்றிவிடும். கடைசியில், கதவோரத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் புதியவர் கைக்கு வரும்போது, அதில் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. இ பிரிவு.

சென்ற ஆண்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்தவர்களை எல்லாம் கூட்டி வைத்த பிரிவு. சைக்கிள் கொட்டகையைத் தாண்டி, தண்ணீர் மோட்டார் அறைக்கு ஒட்டினாற்போல் இருக்கும் பிரிவு. மோட்டார் ஓடினால் ஆசிரியர் கத்த வேண்டும். மோட்டார் நிற்பதற்குள் தொண்டை நின்றுவிடும். அந்த அறைக்கு ஒரே ஆண்டில் நான்கு கணக்காசிரியர்கள் வந்தார்கள், போனார்கள். நான்காமவர் பிள்ளைகளின் பெயரைக் கற்றுக்கொள்ளும் முன்பே மாற்றல் வாங்கிவிட்டார்.

எண்ணிப் பாருங்கள் பெருமக்களே! காய்ச்சல் அதிகமானவனுக்கு அனுபவமுள்ள மருத்துவரை அழைப்பீர்களா, நேற்றுப் படிப்பு முடித்தவரை அழைப்பீர்களா? மருத்துவமனையில் நாம் செய்யாத தவற்றைப் பள்ளிக்கூடத்தில் மட்டும் ஏன் ஆண்டுதோறும் செய்கிறோம்? நன்றாகப் படிப்பவனுக்கு நல்ல ஆசிரியர். நலிந்தவனுக்கு நாளை போகப் போகிற ஆசிரியர். இது நியாயமா? இது நிர்வாகமா? இதற்குப் பெயர்தான் தரமா?

பத்தொன்பது ஆண்டுகள் அந்தப் பதிவேடு முதலில் வந்து சேர்ந்த கை, இதோ, இந்தக் கை. பத்தொன்பது ஆண்டுகள் ஏ பிரிவு என்று எழுதிய கை. நூற்றுக்கு நூறு தேர்ச்சி, நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று என் வீட்டுச் சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ்கள் தொங்குகின்றன. சட்டம் போட்டுத் தந்தவர் நம் சங்கத் தலைவர்தான். கண்ணாடியில் கீறல் இருந்தது, அதையும் நான் மறக்கவில்லை.

சிரிக்கிறார். சரி, சிரியுங்கள்.

அந்தச் சான்றிதழ்களின் கதி என்ன ஆயிற்று என்பதைச் சொல்கிறேன். இந்த ஆண்டு இரண்டாம் பருவத்தின் தொடக்கம். ஏ பிரிவில் ஒரு நீளமான கணக்கு. இரண்டாவது வரியில் இருந்த கழித்தல் குறியை மூன்றாவது வரியில் கூட்டலாக எழுதிவிட்டேன். கவனிக்கவில்லை. கடகடவென்று கீழே வந்தேன். விடை பதினொன்று. மணி அடித்தது. போர்டை அழிக்காமல் போய்விட்டேன். மாலையில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, புத்தகத்தின் விடைப் பக்கத்தைப் பார்த்து நாற்பத்திரண்டு நோட்டுகளையும் திருத்தினேன். நாற்பத்திரண்டிலும் விடை மூன்று. சரியான விடை மூன்றுதான். சரி போட்டேன், கையெழுத்துப் போட்டேன், 'ஆகா, என் பிள்ளைகள்' என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குள் நுழைகிறேன். எதிரே கரும்பலகை. அதில் என் கையெழுத்தில், கொட்டை எழுத்தில், அடிக்கோடு போட்டு, பதினொன்று!

நின்றுவிட்டேன். கரும்பலகையில் பதினொன்று, நோட்டில் மூன்று. நாற்பத்திரண்டு பேரில் ஒருவன் கூட, 'சார், தப்பு' என்று சொல்லவில்லை. முதல் பெஞ்சுக்காரனைக் கேட்டேன்.

"ஏன்டா, போர்டுல தப்பா இருந்துச்சே, ஏன் யாருமே சொல்லல?"

"நாங்க போர்டைப் பாக்கல சார்."

"பாக்காம எப்படிடா எழுதினீங்க?"

"டியூஷன்ல போன மாசமே முடிச்சிட்டாங்க சார். அதப் பாத்து எழுதிட்டோம்."

"அப்ப நான் இங்க வந்து என்னதான்டா பண்றேன்?"

பையன் நல்லவன். என் மனம் நோகக் கூடாது என்று கொஞ்ச நேரம் யோசித்தான். யோசித்துவிட்டுச் சொன்னான்: "நீங்க அட்டெண்டன்ஸ் எடுக்கறீங்க சார்."

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! அன்றைக்கு எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பத்தொன்பது ஆண்டுத் தேர்ச்சி யாருடையது? என் தேர்ச்சியா, டியூஷன் வாத்தியாரின் தேர்ச்சியா, அதற்குப் பணம் கட்ட முடிந்த வீட்டின் தேர்ச்சியா? சுவரில் தொங்கிய சான்றிதழில் யார் பெயர் இருந்திருக்க வேண்டும்?

அதே வாரம். இ பிரிவின் கணக்காசிரியைக்கு அலுவலகத்தில் ஏதோ வேலை. அவர் ஒப்பந்த ஆசிரியை. ஆண்டுக்கு ஒருமுறை அவருடைய வேலையைப் புதுப்பிக்க வேண்டும். பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பம்ப் ரூம் மிஸ். அவருக்குப் பதிலாக ஒரு பாடவேளை என்னை அனுப்பினார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அதே கணக்கை எடுத்தேன். அதே கழித்தலை வேண்டுமென்றே கூட்டலாக எழுதினேன். எதற்கு? அங்கேயாவது ஒருவனும் கண்டுபிடிக்க மாட்டான், 'இ பிரிவுதானே, இவர்களுக்கு என்ன தெரியும்' என்று என் பெருமையைக் கொஞ்சம் ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று! அடிபட்ட ஆணவம் அப்படித்தான் அலையும்.

மூன்றாவது வரியை எழுதி முடிக்கவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சத்தத்துக்கு மேலே ஒரு குரல்.

"சார், மேல கழித்தல் இருந்துச்சு. கீழ காணோம். எங்க சார் போச்சு?"

ஒரு பெண் பிள்ளை. மோட்டார் ஓடினாலும் அவள் குரல் கேட்கும் என்பதால் தோழிகள் அவளையே 'மோட்டார்' என்றுதான் கூப்பிடுவார்களாம். முதல் பருவத் தேர்வில் கணக்கில் பதினாறு மதிப்பெண்.

"உனக்கு விடை தெரியுமா?" என்றேன்.

"விடை தெரியாது சார். ஆனா அது எங்க போச்சுன்னு தெரியணும்ல?"

அது எங்கே போயிற்று என்று தெரிய வேண்டும்! அவையோரே, படிப்பு என்பது இதுதான். விடை நாற்பத்திரண்டு நோட்டில் இருந்தது. கேள்வி இந்த ஒரு குரலில் இருந்தது. விடை தெரிந்தவர்களுக்கு என்னை வைத்திருந்தார்கள். கேள்வி கேட்பவளுக்கு யாரையும் நிலைக்க விடவில்லை.

அன்று மாலை சைக்கிள் கொட்டகையில் பம்ப் ரூம் மிஸ்ஸை நிறுத்தினேன். "மிஸ், நாம மாத்திக்கலாமா? நான் இ பிரிவு, நீங்க ஏ பிரிவு" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்றார். பிறகு, "மாட்டினா உங்களுக்கு மெமோ, எனக்கு வேலையே போயிடும்" என்றார். உண்மைதானே? நிரந்தரக்காரனுக்கு விசாரணை, ஒப்பந்தக்காரருக்கு விடைகொடுப்பு. ஆனாலும் அவர் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "சும்மா மாத்திக்க வேணாம் சார். என் வகுப்புல நீங்க பின்னாடி வந்து உக்காருங்க. உங்க வகுப்புல நான் உக்காருறேன். சாயங்காலம் பத்து நிமிஷம் பேசுவோம்."

என் வகுப்பில் இன்னொருவரா? இருபத்தாறு ஆண்டுகளில் ஆய்வு அதிகாரியைத் தவிர யாரும் என் வகுப்பின் பின் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. உட்கார விட்டதில்லை. நம் எல்லோருக்கும் அப்படித்தானே, ஆசிரியப் பெருமக்களே? கதவைச் சாத்திவிட்டால் உள்ளே நாம்தான் ராஜா. நம்மைத் திருத்த ஆளில்லை, நமக்குத் தோள்கொடுக்கவும் ஆளில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே நம்மைப் போலத் தனிமையில் தவிப்பவர் யார்?

முதல் நாள் மிஸ் வந்து உட்கார்ந்தார். மாலையில் கேட்டேன், "எப்படி இருந்துச்சு?" தயங்கினார். "சொல்லுங்க மிஸ், கோபப்பட மாட்டேன்" என்றேன். சொன்னார்.

"சார், நீங்க போர்டுகிட்ட பேசறீங்க. பிள்ளைங்க பக்கம் உங்க முதுகுதான் இருக்கு."

கோபப்பட்டேன். பிறகென்ன, சொன்ன சொல்லைக் காப்பாற்ற நான் என்ன மகானா? இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது என்னையறியாமல் திரும்பினேன். திரும்பினால், கடைசி பெஞ்சில் நான்கு பேர் கழுத்தை நீட்டி நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவு நேரமும் நான் எழுதியதை நானே மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்! அன்றைக்குப் போய், "மிஸ், அந்த முதுகு விஷயம் சரிதான்" என்றேன். "தெரியும் சார், அதான் ரெண்டு நாளா எனக்கு முதுகு காட்டினீங்க" என்றார்.

இப்படி நாற்பது நாள். அவர் எனக்குத் திரும்பி நிற்கக் கற்றுக்கொடுத்தார். அவருக்குக் கேள்வித்தாள் அமைப்பதில் இருந்த குழப்பத்தை நான் தீர்த்து வைத்தேன். வயதில் பாதி, சம்பளத்தில் பாதிக்கும் கீழே; ஆனால் வகுப்பைப் படிக்கும் கண் அவருக்கு முழுசாக இருந்தது. ஆசிரியர் தரம், ஆசிரியர் தரம் என்று ஆண்டுக்கு மூன்று பயிற்சி முகாம் நடத்துகிறார்களே, அங்கே உட்கார்ந்து நான் கற்றதெல்லாம் நாற்காலியில் சாயாமல் தூங்குவது எப்படி என்பதுதான். தரம் முகாமில் வருவதில்லை, ஐயா! பக்கத்து வகுப்பின் பின் பெஞ்சில் வருகிறது. பார்க்கிற கண்ணும் பொறுக்கிற மனமும் பேசுகிற பத்து நிமிடமும் சேர்ந்தால் வருகிறது.

பலன் என்ன என்று கேட்பீர்கள். கேளுங்கள். இ பிரிவில் முப்பத்தெட்டுப் பேர். முதல் பருவத்தில் கணக்கில் தேறியவர்கள் ஆறு. இரண்டாம் பருவத்தில் பதினேழு. முப்பத்தெட்டில் பதினேழு! இது வெற்றியா? இல்லை. இன்னும் இருபத்தொரு பேர் வெளியே நிற்கிறார்கள். ஆனால் நாற்பது நாளில் பதினொரு பேர் உள்ளே வந்தார்கள் என்றால், நானூறு நாள் கிடைத்தால் எத்தனை பேர் வருவார்கள்? பத்தொன்பது ஆண்டுகள் கிடைத்திருந்தால் எத்தனை பேர் வந்திருப்பார்கள்? அந்தக் கணக்கைப் போட எனக்கு அச்சமாக இருக்கிறது.

முன்வரிசையில் ஒருவர் எழுந்து நிற்கிறார். ஏ பிரிவுப் பெற்றோர். சொல்லுங்கள் ஐயா. 'எங்க பிள்ளைங்கள வெச்சு சோதனை பண்ணினீங்களா?' என்கிறார். உட்காருங்கள், உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. பதில் சொல்கிறேன். பம்ப் ரூம் மிஸ்ஸிடம் படித்த ஏ பிரிவு நாற்பத்திரண்டு பேரில் நாற்பத்திரண்டு பேரும் தேறினார்கள். ஒருவர் கூடக் குறையவில்லை. ஒன்று மட்டும் கூடியது. மிஸ் போர்டில் ஒரு தப்பு விட்டாராம். மூன்று பேர் கை தூக்கினார்களாம்! உங்கள் பிள்ளைகள் போர்டைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் ஐயா. உங்களிடமிருந்து நாங்கள் எதையும் பிடுங்கவில்லை. சோதனை என்றீர்களே, இ பிரிவை வைத்து இருபது ஆண்டுகளாகச் சோதனை நடந்தது. அப்போது இந்த மண்டபத்தில் யாராவது எழுந்து நின்றார்களா? நான் நின்றேனா?

நாற்பத்தோராம் நாள் கல்வி அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. பழையபடி அவரவர் பிரிவுக்குத் திரும்ப வேண்டும் என்று. ஏ பிரிவுப் பக்கமிருந்து புகார் போயிருந்தது. வரும் இருபதாம் தேதி கல்வி அலுவலகத்தில் குழு கூடுகிறது. அன்று இரண்டையும் சேர்த்தே முடிவு செய்வார்கள்: இந்த மாற்றம் தொடரலாமா, பம்ப் ரூம் மிஸ்ஸின் வேலையைப் புதுப்பிக்கலாமா. அனுமதி இல்லாமல் பிரிவு மாறியதற்கு எனக்கு ஒரு மெமோ. அதை மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். அவருக்கோ, புதுப்பிக்காவிட்டால் அடுத்த மாதம் வேலை இல்லை. முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கோ, இந்த ஆண்டு மறுபடியும் புது முகம், மறுபடியும் முதல் பாடம், மறுபடியும் மோட்டார்ச் சத்தம்.

சுற்றறிக்கை வந்த வாரம் சட்டை தேய்க்கக் கொடுக்கப் போனேன். கடையில் இருந்தவர் 'மோட்டாரின்' தாய். இதோ, பின்சுவர் ஓரமாக நிற்கிறார். தேய்ப்புப் பெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"சார், நீங்க இனிமே எங்க பிள்ளைங்களுக்கு வரமாட்டீங்களாமே?"

"உத்தரவும்மா. நீங்கல்லாம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"எங்க போய், யாரக் கேக்கறது? அவங்க பிள்ளைங்களுக்கு ஒண்ணு குறைஞ்சா அவங்களுக்குக் கேக்கத் தெரியுது. எங்க பிள்ளைங்களுக்குக் கிடைச்சதே எங்களுக்குத் தெரியல. அது போனப்பறந்தான் சார் தெரிஞ்சுது."

இதைவிடத் தெளிவாக எந்தக் கல்விக் குழு அறிக்கை எழுதியிருக்கிறது? அந்த அம்மா என் சட்டையை மடித்துக் கொடுத்துவிட்டு, "வீட்ல வந்து கேள்வி கேட்டே கொல்றா சார். உப்பு கம்மியா இருந்தாக்கூட, எங்க போச்சுன்னு கேக்கறா" என்றார்.

அன்றே உட்கார்ந்தேன். ஆறு நாள் எழுதினேன். இதோ, இந்த மேசை மேல் இருப்பதுதான் அது. நாற்பது நாளின் அறிக்கை, பதினான்கு பக்கம். யார் எந்த நாள் எங்கே பின்தங்கினான், எப்படி வந்தான், எல்லாம் இருக்கிறது. எட்டாவது பக்கத்தில் மிஸ் என்னிடம் சொன்ன முதுகு விஷயமும் இருக்கிறது. பதிவேடு அடுத்த ஆண்டு கதவோரத்து மடக்கு நாற்காலியிலிருந்து தொடங்கட்டும். மூத்தவர்கள் கடைசிப் பிரிவிலிருந்து எடுக்கட்டும் என்று கேட்டிருக்கிறேன். வாரத்தில் ஒரு பாடவேளை ஒவ்வொரு ஆசிரியரும் இன்னொருவர் வகுப்பில் உட்காரட்டும் என்று கேட்டிருக்கிறேன். ஒப்பந்தக்காரர் என்றாலும் நல்ல ஆசிரியரை நிலைக்க விடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். அந்த மோட்டாரை எங்கேயாவது தள்ளி வையுங்கள் என்றும் கேட்டிருக்கிறேன்.

தலைமையாசிரியரைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். எழுதாமல் இருப்பேனா? நான்காம் பக்கம். படிக்கிறேன், கேளுங்கள்: 'நாற்பது நாட்களும் பம்ப் அறைப் பக்கம் ஒருமுறை கூட எட்டிப் பார்க்காத தலைமையாசிரியர், தம் பள்ளியில் நடந்த மாற்றத்தையே அறியாதிருந்தார்.'

என்ன? ஐயா ஏதோ சொல்கிறாரே. ஒலிவாங்கியை அந்தப் பக்கம் திருப்புங்கள். சொல்லுங்கள் ஐயா.

'மூணாவது நாளே தெரியும் சார்' என்கிறார்.

மூன்றாவது நாளே தெரியுமா? தெரிந்துமா பேசாமல் இருந்தீர்கள்?

'நேர்ல பாத்தா நிறுத்தணும். அதான் அந்தப் பக்கமே வரல' என்கிறார்!

அவையோரே, எனக்கு ஒரு நிமிடம் தாருங்கள். தண்ணீர்… நன்றி.

நாற்பது நாளும் இந்த மனிதர் தினசரிச் சுற்றில் சைக்கிள் கொட்டகை வரை வந்து திரும்பியதை நான் பார்த்தேன். சோம்பேறி என்று நினைத்தேன். நினைத்ததோடு நில்லாமல் பதினான்கு பக்கத்தில் ஒரு வரியாக எழுதியும் வைத்தேன். அவரோ, எங்களைக் காக்கத் தம் கண்ணைக் கட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறார். ஐயா, பதின்மூன்று ஆண்டுகளாக உங்கள் நாற்காலியை மட்டுமே பார்த்தேன். அதில் இருந்த ஆளைப் பார்க்கவில்லை. யாரிடமாவது பேனா இருக்கிறதா? கொடுங்கள். இதோ, எல்லோர் கண் முன்னாலும், நான்காம் பக்கத்து அந்த வரியை அடிக்கிறேன். கால அட்டவணை விஷயம் வேறு. அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது. சிரிக்காதீர்கள் ஐயா, அந்தக் கணக்கை நாம் தனியே பேசுவோம்.

ஆனால் இந்த ஒரு வரி எனக்கு இன்னொன்றை உறுதியாக்கிவிட்டது. அதைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

சென்ற வாரம் கல்வி அலுவலகத்துக்குப் போனேன், அறிக்கையை எந்த மேசையில் கொடுப்பது என்று கேட்க. அங்கே தபால் பிரிவு எழுத்தர் எனக்குப் பழக்கமானவர். பழகாமல் எப்படி, வாடிக்கையாளன் அல்லவா நான்! அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டுப்போய், இரும்பு அலமாரியைத் திறந்து காட்டினார். அதில் ஒரு தடித்த கோப்பு, கயிறு கட்டியது. மேலே பென்சிலில் 'மனு மன்னர்' என்று எழுதியிருந்தது.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்க தபால் வந்தா யாரும் மேலேருந்து படிக்கறதில்ல. நேராக் கீழ பாப்பாங்க. உங்க கையெழுத்து இருந்தா இதுல போட்டுக் கட்டிருவாங்க."

"இந்தத் தடவை எனக்காக இல்லைங்க. பிள்ளைங்களுக்காக."

"அது எனக்குப் புரியுது சார். கையெழுத்துக்குப் புரியாதே?"

பிறகு மெதுவாகச் சொன்னார்: "பெத்தவங்க மனு கொடுத்தா நான் எண் போட்டே ஆகணும். குழு படிச்சே ஆகணும். அதோட இத இணைச்சு அனுப்புங்க. ஆனா யார் எழுதினதுன்னு போட்டீங்கன்னா, தலைமையாசிரியருக்கும் உங்களுக்கும் இருக்கற பழைய சண்டைன்னு சொல்லி ஒதுக்கிருவாங்க."

பெருமக்களே, வீடு வரை நடந்தே போனேன். என் கோபம் நியாயமானது என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அந்த நியாயத்தை எத்தனை முறை எழுதினேனோ, அத்தனை முறை என் கையெழுத்தின் மதிப்பை நானே குறைத்திருக்கிறேன். இன்று முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் வழக்குக்கு அந்தக் கையெழுத்தே சுமையாக நிற்கிறது.

என் வாழ்நாளில் நான் உருப்படியாக எழுதியது இந்தப் பதினான்கு பக்கம்தான். முதல் பக்கத்தில் 'தயாரித்தவர்' என்று ஒரு இடம் இருக்கிறது. பட்டங்களோடு பெயர் எழுதக் கை துடிக்கிறது, மறைக்க மாட்டேன். என் அட்டவணையில் வேறொருவர் பெயர் போட்டதற்கு மூன்று மனு எழுதியவன் நான். ஆனால் கல்வி சீர்பட வேண்டும் என்பவன், தன் பெயர் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தால், பிள்ளைகள் எங்கே என்று தேடுவது யார்? அச்சத்தால் ஒளிகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். ஆயிரம் பேர் முன்னால் ஒலிபெருக்கியில் சொன்னவனுக்கு ஒளிய இடம் ஏது? இந்தக் காகிதம் படிக்கப்பட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. அது படிக்கப்பட்டால், பதிவேடு திரும்பும். பதிவேடு திரும்பினால், அடுத்த ஆண்டின் முதல் நாள், இந்தப் பள்ளியின் மூத்த கை கடைசிப் பிரிவை எழுதும். அது நடக்கும். நடக்கும் என்று நம்புகிறேன். நம்பாதவன் பதினான்கு பக்கம் எழுத மாட்டான்.

பின்சுவர் ஓரம் நிற்கும் தாய்மார்களே, தந்தையரே! கேட்கத் தெரியவில்லை என்றீர்களே, இதோ கேட்கும் காகிதம். உங்கள் மனு இரண்டே வரிதான். உரக்கப் படித்துக் காட்டச் சொல்கிறேன், சரி என்று பட்டால் மட்டும் முன்னால் வந்து கையெழுத்திடுங்கள். முன்வரிசைப் பெரியோரே, உங்களுக்கும் அதில் இடம் விட்டிருக்கிறேன். என்ன, சங்கத் தலைவர் எழுந்துவிட்டாரே! முதல் கையெழுத்து அவருடையதாம். கண்ணாடிக் கீறலை மன்னித்தேன் ஐயா, மன்னித்தேன்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், நேரம் முடிந்தும் மணியைக் கையில் வைத்துக்கொண்டே அடிக்காமல் விட்ட தலைமையாசிரியர் அவர்களுக்கும், இங்கே வராமல் இப்போதும் எட்டாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும் பம்ப் ரூம் மிஸ்ஸுக்கும் என் நன்றியையும் வணக்கத்தையும் சொல்லி அமைகிறேன். உங்கள் மனுவோடு சேர்த்து இந்த அறிக்கையை நாளைக் காலை நானே தபாலில் சேர்க்கிறேன். 'தயாரித்தவர்' என்ற இடத்தில் ஒன்றும் எழுதப் போவதில்லை.